வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ரீச்சர் நாவல்களுக்கு ஏன் எண் ஒட்டவில்லை

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் புத்தகம் எடுப்பவர்களில் நிறையப் பேர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜாக் ரீச்சர் நாவல்களை எதிலிருந்து ஆரம்பிப்பது? முதுகில் ஒன்று, இரண்டு என்று எண் ஒட்டி வைத்தால் என்ன?" 2022-இல் ஓடிடியில் தொடர் வந்த பிறகு இது இன்னும் அதிகமாகிவிட்டது. கல்லாவில் கூட்டம் இருக்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எழுதியே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

எண் ஒட்டுவதாக இல்லை. காரணம், லீ சைல்ட் எழுதிய இந்த ஆங்கிலத் த்ரில்லர் நாவல்களின் கதாநாயகன் ரீச்சர்தான்.

ரீச்சருக்கு வீடு இல்லை, வண்டி இல்லை, பெட்டிகூட இல்லை. பையில் மடக்கு டூத்பிரஷ், கொஞ்சம் பணம். பிந்தைய நாவல்களில் ஒரு ஏடிஎம் கார்டு, பாஸ்போர்ட். துணி அழுக்கானால் மலிவாகப் புதிது வாங்கிக்கொண்டு பழையதைக் குப்பையில் போடுகிறான். அமெரிக்க ராணுவத்தின் போலீஸ் பிரிவில் மேஜராக இருந்துவிட்டு 1997-இல் வெளியே வந்தவன். ஆறடி ஐந்தங்குலம், 250 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிலோ. கதை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவான். கூட நின்று உதவியவர்கள், அவனை விரும்பியவள், அந்த ஊர் எல்லாமே பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அதனால் கையில் கிடைத்ததை எடுத்துப் படிக்கலாம். முந்தைய நாவலைப் படிக்கவில்லையே என்ற குறை தெரியாது.

இவன் வம்பைத் தேடிப் போகிற ஆள் இல்லை. எங்களுக்குப் பிடித்ததே அதுதான். 1997-இல் வந்த முதல் நாவல் 'கில்லிங் ஃப்ளோர்'. பிளைண்ட் பிளேக் என்ற பழைய கிதார் கலைஞர் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இறந்ததாக அண்ணன் எப்போதோ எழுதியிருந்தான் என்பதற்காக, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறான். சாப்பிட உட்கார்ந்தவனைக் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்கிறார்கள். (ஊர் கற்பனை, கலைஞர் நிஜம். அவர் 1934-இல் மில்வாக்கியில் இறந்தார் என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது நாவல் வந்து பல வருடங்களுக்குப் பிறகு.) 'தி மிட்நைட் லைன்' நாவலில் அடகுக் கடை ஜன்னலில் ஒரு ராணுவக் கல்லூரி மோதிரத்தைப் பார்க்கிறான், அவ்வளவுதான். 'மேக் மீ'யில் ஊரின் பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று ரயிலை விட்டு இறங்குகிறான். அடுத்த வண்டியில் கிளம்பிவிட எப்போதும் வழி இருக்கிறது. அவன் கிளம்பாமல் நிற்கிற இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. உலகத்தைக் காப்பாற்றியே தீருவேன் என்று சபதத்தோடு வரும் கதாநாயகர்களைப் படித்து அலுத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். லீ சைல்ட் இங்கிலாந்துக்காரர். மான்செஸ்டரில் கிரனாடா தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். 1995-இல் ஆட்குறைப்பில் வேலை போன பிறகுதான் எழுத உட்கார்ந்தார். விளம்பர இடைவேளையில் பார்ப்பவர் எழுந்து போய்விடாமல் பிடித்து வைக்கத் தெரிந்தவரின் கை என்பது ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் தெரியும். ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு, பதிலைத் தராமல் இழுத்துக்கொண்டே போவார். சண்டைக் காட்சிகள் இன்னும் வேடிக்கை. இரண்டு விநாடியில் முடியக்கூடிய அடிதடிக்கு முன்னால், எதிரே நிற்கும் ஐந்து பேரில் யார் முதலில் பாய்வான், யார் ஓடுவான், முழங்கை எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று ரீச்சர் பக்கக்கணக்கில் யோசிப்பான். பல நாள் பயணமோ ஒரு வரியில் முடிந்துவிடும். வேகமாக நடப்பதை மெதுவாகவும், மெதுவாக நடப்பதை வேகமாகவும் எழுதுவதுதான் இவருடைய வித்தை.

வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். ஆங்கில நாவல் படிக்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நாங்கள் இதையே எடுத்துத் தருவதற்கும் அதுதான் காரணம். நடுவில் வரும் துப்பாக்கி, ராணுவ விவரங்கள் புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், கதை நிற்காது.

சரி, வரிசை பார்க்க வேண்டிய சில இடங்களும் உண்டு. 'ட்ரிப்வயர்' (1999) படித்துவிட்டு 'தி விசிட்டர்' (2000) படியுங்கள். முதலாவதில் நியூயார்க் பக்கம் ஒரு வீடு ரீச்சர் தலையில் வந்து விழுகிறது. அடுத்ததில் அந்த வீட்டையும் அதோடு வரும் பொறுப்புகளையும் வைத்துக்கொண்டு அவன் படும் பாடு, வில்லனோடு படும் பாட்டைவிட எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது. அதேபோல, தெற்கு டகோட்டா பனியில் நடக்கும் '61 அவர்ஸ்' எடுப்பவர்கள் 'வொர்த் டையிங் ஃபார்' நாவலையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2010-இல் வந்தவை. முதலாவது எந்த இடத்தில் முடிகிறது என்று சொல்லமாட்டோம், ஆனால் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை அதை முடித்துவிட்டு எங்களைத் திட்டாதீர்கள். அவன் ராணுவத்தை விட்டு வந்த கதை 2011-இல் வந்த 'தி அஃபேர்' நாவலில் இருக்கிறது. அதை முதலில் படித்தாலும் சரி, கடைசியில் படித்தாலும் சரி.

விலைக்கு வாங்குபவர்கள் கவனிக்க: 'தி விசிட்டர்' நாவலுக்கு அமெரிக்கப் பதிப்பில் 'ரன்னிங் பிளைண்ட்' என்று பெயர். பழைய புத்தகக் கட்டுகளில் இரண்டும் கலந்து வரும். உள்ளே ஒரே கதைதான். இனி இரண்டின் அட்டையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 2020-இல் வந்த 'தி சென்டினல்' முதல் லீ சைல்டின் தம்பி ஆண்ட்ரூவின் பெயரும் அட்டையில் சேர்ந்திருக்கும். அந்த நாவல்களை நாங்கள் கீழ்த்தட்டில் தனியாக வைத்திருக்கிறோம். மோசம் என்பதற்காக இல்லை. வேறு கை பட்டிருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரிகிறது, முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.

பிள்ளைகளுக்கு எடுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கொலைகள் சில இடங்களில் ரொம்பக் கொடூரமாக வரும், 'கில்லிங் ஃப்ளோர்', 'மேக் மீ' இரண்டிலும் குறிப்பாக. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் நாங்களாக எடுத்துத் தருவதில்லை. நீங்கள் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாடகை வழக்கம்போல அட்டை விலையில் பத்து சதவீதம், ஒரு வாரம். ஒரே இரவில் முடித்துவிட்டு மறுநாளே கொண்டு வருபவர்களுக்கு, அந்த வாரம் முடியும்வரை இன்னொரு ரீச்சர் நாவலை வாடகையில்லாமல் மாற்றித் தருவோம். பழைய பிரதியில் கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று எங்கள் கண் முன்னாலேயே புரட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். நாங்களும் பார்த்துத்தான் அடுக்குகிறோம், இருந்தாலும் இந்த வகை நாவலில் அது போனால் எல்லாம் போச்சு. 'பெர்சுவேடர்' ஒரே பிரதிதான் இருக்கிறது. வேண்டுமென்பவர்கள் கல்லாவில் உள்ள நோட்டில் பெயர் எழுதி வையுங்கள், திரும்பி வந்ததும் வரிசைப்படி போன் செய்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடகை நூலகத்தார்