ஜூடித் கெர் வாசிப்பு நாளுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

லண்டனில் எங்கள் தமிழ்ப் பள்ளியில் நடந்த, சிறுவர் நூல் எழுத்தாளர் ஜூடித் கெரின் கதைகளுக்கான வாசிப்பு நாள் நல்லபடியாக முடிந்தது. மேடையில் நன்றி சொன்னோம்தான். ஆனால் அந்த நேரம் சமையலறையிலும் வாசலிலும் நின்றவர்களின் காதில் அது விழுந்திருக்காது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கதைகளைத் தமிழில் சொன்ன ஆசிரியைகளுக்கு. தேநீர் குடிக்க வந்த புலியை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தவே தேவையில்லை. 1968இல் வந்த அந்தப் படக்கதையை எழுதி வரைந்த கெர், ஒன்பது வயதில் பெர்லினை விட்டு வந்த அகதி என்பதுதான் அவர்களுக்குப் புதிது. அப்பா ஆல்ஃபிரட் கெர் பேர்பெற்ற நாடக விமர்சகர், யூதர், நாஜிகளை வெளிப்படையாகச் சாடியவர். 1933 பெப்ரவரியில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கடவுச்சீட்டைப் பறிக்கப் போகிறார்கள் என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. உடனே நாட்டை விட்டுக் கிளம்பினார். மார்ச் தேர்தலுக்கு முன்பே அம்மா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்து போய்விட்டார். அப்புறம் பாரிஸ், 1936இல் லண்டன்.

1971இல் வெளிவந்த ‘ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது’ நாவல் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. ஒரே ஒரு பொம்மையைத்தான் எடுத்துப் போகலாம் என்றதும், கதையின் நாயகியான சிறுமி அன்னா புதிதாக வந்த நாய்ப் பொம்மையை எடுத்துக்கொண்டு, பழைய முயலை விட்டுப் போகிறாள். சீக்கிரம் திரும்பி வந்துவிடுவோம் என்றுதான் நினைக்கிறாள். இந்த இடத்தை வாசித்தபோது மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. கெர் இதைப் பரிதாபக் கதையாக எழுதவில்லை. புது ஊரும் புது மொழியும் அன்னாவுக்குச் சுவாரசியமாகவே இருக்கின்றன. பெற்றோரின் பணக் கவலை இடையிடையே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களில் இந்த நிதானம் வாய்த்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

பிறகு, “நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள்?” என்று கேட்டுப் படம் வரையச் சொன்னோம். ஐபாட்களும் கால்பந்துகளும் வந்தன; ஒரு பிள்ளை தங்கையை வரைந்திருந்தாள். அப்போது ஓர் அம்மம்மா எழுந்து, யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியபோது தான் எடுத்தது காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு போத்தல் தண்ணீரும்தான் என்றார். அம்மம்மா, நாங்கள் எத்தனை புத்தகம் அடுக்கியிருந்தாலும் நீங்கள் பேசிய அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாகாது. உங்களுக்கு எங்கள் மனம் நிறைந்த நன்றி.

புத்தகங்களை இரவல் தந்த நூலகத்தாருக்கும், வடையும் ரோல்ஸும் செய்து தந்த அம்மாமாருக்கும், கதிரைகளை அடுக்கி மண்டபத்தைக் கூட்டிவிட்டுக் கடைசியாகப் போன இளைஞர்களுக்கும் நன்றி.

ஒரு சின்ன வேண்டுகோள். பெர்லினை விட்டுக் கிளம்பிய அவசரத்திலும் கெரின் அம்மா, மகள் சிறுவயதில் வரைந்த படங்களை எடுத்து வந்தார். அவை இப்போது வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள சிறுவர் நூல் காப்பகமான செவன் ஸ்டோரிஸில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் வரைந்தவை பள்ளி அலுவலகத்தில் உள்ளன. பின்பக்கத்தில் பெயரும் வயதும் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வகுப்புக்கு வரும்போது மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
வாசிப்பு நாள் குழுவின் சார்பில்