“இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல” என்று சொல்லாதீர்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நோய் முற்றியவரின் வீட்டாரிடம் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒன்றைக் கைவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன். “இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.” வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறீர்கள். வெளியே வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நீங்கள் சொல்வது சரியில்லை. குணப்படுத்த முடியாது என்பது உண்மை. செய்ய ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல.

எங்கள் அப்பாவுக்கு வாய்ப்புற்று. கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து மறுபடி வந்தது. மருத்துவர்கள் கைவிரித்த பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தோம். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இரவுகளைக் கழித்தார். பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள், தேவாரம் பாடினார்கள், திருநீறு பூசினார்கள். அத்தனையும் அன்பால் செய்தது. எதுவும் அவருக்குள் இறங்கவில்லை. வலி இருக்கும்போது வேறெதற்கும் அங்கே இடமில்லை.

பிறகு நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது குணமாகாத நோயிலும் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை, தெரிந்த மருத்துவர் ஒருவர் கிடைத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை, அதனால் வரும் மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. கன்னத்துப் புண்ணின் வாடை தாங்காமல் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதையே நிறுத்தியிருந்தார்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னார். விலை மலிவான மாத்திரை! சில நாளில் வாடை அடங்கியது, பிள்ளைகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்பா தூங்கினார். நிலப் பத்திரம் எங்கே இருக்கிறதென்று சொன்னார். பல வருடமாகப் பேச்சில்லாத அத்தைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பிழைப்போம் என்று அவர் நம்பவில்லை. அத்தை வருவாள் என்று நம்பினார். அவள் வந்தாள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமாக இருப்பதுதான் என் வருத்தம். மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கும் மருந்து; அதற்கான கசகசாச் செடி நம் நாட்டிலேயே, மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கத்து வயல்களில் அரசின் உரிமம் பெற்று விளைகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மருந்தை வாங்கி வைப்பதையே விட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. பல துறைகளிடம் உரிமத்துக்கு அலைந்த நிலை மாறி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரமே போதும் என்றாயிற்று. சட்டம் தளர்ந்தும் பயம் தளரவில்லை. ‘அடிமையாகிவிடுவார்’ என்று வார்டிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். வலிக்கு ஏற்ற அளவில், மேற்பார்வையோடு கொடுத்தால் அப்படி ஆவது அரிது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இன்னும் சில வாரமே இருப்பவரிடத்தில் அந்தக் கவலைக்கு என்ன வேலை?

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் முதலிய மருத்துவர்கள் நோய் ஆதரவு சிகிச்சையைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். 2008இல் அந்த மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. நம்மிடமும் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சை இருக்கிறது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த மருத்துவர், அந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், வீட்டாருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் நாட்டு மருந்துக்கும் குறிசொல்பவரிடமும் அலைந்தது அதனால்தான்.

சீட்டை மடித்துக் கொடுக்கும் முன் நோயாளியின் முகத்தைப் பார்த்து, வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். மார்ஃபின் எங்கே கிடைக்கும், புண்ணுக்கு யார் கட்டுப்போட வருவார்கள், இரவில் வலி கூடினால் யாரைக் கூப்பிடுவது என்பதை அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மருத்துவமனையில் மார்ஃபின் இல்லையென்றால் அங்கீகாரத்துக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

அன்புடன்,
டெல்டா மாவட்டத்திலிருந்து ஒரு மகள்