கம்பி தளர்த்திய கிற்றார்கள்

பரந்தன்
புரட்டாதி 12

அன்பு நண்பனுக்கு,

நம் நண்பனின் அந்தியேட்டிச் சடங்கு அன்று, அவனுடைய கிற்றார்கள் என்னவாகும் என்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள். அவனுடைய அறைக் கதவைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

அடுத்த வாரமே அவன் மனைவி என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, இவற்றை நீங்கள்தான் விற்றுத் தரவேண்டும்" என்றார். மகளின் பல்கலைக்கழகப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வீட்டுக்கடனும் பாதி கட்டினபடி நிற்கிறது. ஒன்பது கிற்றார்கள். நைலோன் கம்பி போட்டவை இரண்டு, இரும்புக் கம்பி போட்டவை ஐந்து, ஒரு பேஸ், ஒரு மின் கிற்றார்.

ஏன் ஒன்பது என்று அவனிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. உனக்கும் எனக்கும் அது தெரியும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது முதலாம் கம்பி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கம்பியில் ஓர் இழையைப் பிரித்தெடுத்துக் கட்டினானே, விரல் கிழிந்து இரத்தம் வந்தும் வாசித்தானே, அந்தக் கிற்றாரை 2009 தை மாதம் இடம்பெயர்ந்தபோது விசுவமடு வரை தூக்கிக்கொண்டு வந்தான். அங்கே யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் சாத்திவைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மீள்குடியேறி முரசுமோட்டைக்கு வந்த பிறகு, உடைந்தது, பிளந்தது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் கழன்றது என்று எது விலைக்கு வந்தாலும் வாங்கித் திருத்தினான்.

ஒவ்வொன்றும் எத்தனை ரூபாய்க்கு வாங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தான். அந்தக் கொப்பிதான் ஆபத்தாக முடியப் பார்த்தது. நகரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார், எல்லாவற்றையும் கூட்டினார், அதற்கு மேல் பத்தாயிரம் வைத்து "மொத்தமாகவே எடுக்கிறேன்" என்றார். அவன் மனைவிக்கு அது நல்ல விலையாகத்தான் தெரிந்தது. அவன் அதிகம் வாங்கிய 2012இல் ஒரு டொலர் 130 ரூபாய் அளவில் இருந்தது. 2022இல் அது 360ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் பட்டுத்தானே அறிந்தோம். அந்தக் கொப்பியில் இருப்பது வாங்கிய விலை, இன்றைய பெறுமதி இல்லை என்று நான் சொன்னேன். வியாபாரிக்கு முகம் மாறியது. சைக்கிள் வாங்குவதற்குக்கூட நாலு கடை ஏறி இறங்குகிறோம். கணவனை இழந்து ஒரு மாதமான வீட்டில் ஒரே மூச்சில் விலை பேசி முடிக்கப் பார்த்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் நானும் ஒரு பிழை விட்டேன். முதலில் விற்றது தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு பொடியனுக்கு. அவன் அதை மடியில் வைத்துச் சுருதி கூட்டிய விதத்திலேயே எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகிழ்ச்சி. அந்தக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, நண்பனின் மனைவி அதை எண்ணிப் பார்க்காமலே வங்கிப் புத்தகத்துக்குள் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தருமம் செய்தது என் காசில் இல்லை. மறுநாள் குறைந்த தொகையை எடுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். வாங்க மறுத்துவிட்டார். "இவரும் அப்படித்தான் கொடுத்திருப்பார். ஆனால் அண்ணா, அடுத்ததை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்" என்றார். இப்போது ஒவ்வொரு விலையையும் அவரிடம் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.

குறைகளை மறைப்பதில்லை என்றும் இருவரும் முடிவு செய்தோம். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எட்டை அட்டாளையில் ஏற்றிவிட்டான், ஒன்று கீழே நின்றுவிட்டது. அதன் அடிப்பலகையில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது. விரலால் தட்டினால் உள்ளே கழன்ற சட்டம் அதிர்கிறது. வவுனியாவிலிருந்து வந்தவருக்கு அதைத் தட்டிக் காட்டினேன். அவரே ஒட்டிக்கொள்வதாகச் சொல்லி, குறைத்த விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். மற்றவற்றுக்கும் கழுத்துப் பலகையின் பன்னிரண்டாம் கட்டுக்கு மேலே கம்பி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது, பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை புடைத்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்திருக்கிறேன். இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவை கொடுக்கும். நம் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, பசை அதைத் தாங்காது. எல்லாவற்றுக்கும் கம்பியைத் தளர்த்தி விட்டேன். அவன் அறையில் கம்பிகள் தொய்ந்து கிடப்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இதுவரை ஐந்து போய்விட்டது. பேஸ் யாழ்ப்பாணத்துக்கு. மின் கிற்றாரைக் கேட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. 2012இல் நீ பெட்டியில் போட்டு அனுப்பிய பழைய யமஹா, எஃப்ஜி 180. ஓட்டைக்குள் பார்த்தால் சிவப்பு லேபல், நிப்பொன் காக்கி என்ற பழைய கம்பனிப் பெயர். அந்த மொடல் 1966இல் வெளிவந்தது. சிவப்பு லேபல் உள்ளவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்பதிலும் நல்ல விலை போகக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. கொப்பியில் அதற்கு நேரே விலை இல்லை, உன் பெயர்தான் இருக்கிறது. "அது அந்த அண்ணாவுடையது, அவர் சொல்லாமல் விற்க வேண்டாம்" என்கிறார் அவன் மனைவி. மகளோ அதில்தான் அப்பா தனக்கு முதல் மூன்று கோர்ட் வாசிக்கப் பழக்கினார் என்கிறாள். அதை விற்றால் ஒரு தவணைச் செலவு தீரும். நான் யார் பக்கமும் பேசவில்லை. நீ அந்தப் பிள்ளையோடு நேரே கதைத்துவிட்டு எனக்குச் சொல்.

அதுவரை அது என் வீட்டு அறையில், சுவரில் சாத்தாமல், பெட்டிக்குள் இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்