பாட்டை எழுதியது குடி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பற்றிய ‘ஏமி’ ஆவணப்படத்துக்கு உங்கள் விமர்சகர் எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். படத்தை அவர் மனதாரப் பாராட்டியிருக்கிறார், சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில், “ஏமி வைன்ஹவுஸ் இப்படித் தன்னை எரித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்காது” என்று ஒரு வரி வருகிறது. அச்சுக்குப் போகும் முன் நீங்களும் அதைப் படித்திருப்பீர்கள். எப்படி விட்டீர்கள்?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஏமியின் முதல் ஆல்பம் ‘ஃபிராங்க்’ 2003இல் வந்தபோது அவருக்கு 20 வயது. ‘பேக் டு பிளாக்’ 2006இல் வந்தது. 2011 ஜூலை 23 அன்று லண்டன் கேம்டன் வீட்டில் இறந்துகிடந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஹெராயின், குடி, நீதிமன்றம், வாசலில் கேமராக் கூட்டம் எல்லாம் உச்சத்தில் இருந்தன. அந்த ஆண்டுகளில் புதுப் பாட்டுகளோடு ஒரு ஆல்பம்கூட வரவில்லை. அவர் போன பிறகு அந்த டிசம்பரில் வந்தது, ஏற்கெனவே பதிவு செய்து கிடந்தவற்றைச் சேர்த்த தொகுப்பு. தன்னை எரித்துக்கொள்வதால்தான் பாட்டு வரும் என்றால், அதிகம் எரிந்த காலத்தில் பாட்டு கொட்டியிருக்க வேண்டாமா?

காதல் முறிந்த துயரம் ‘பேக் டு பிளாக்’ முழுக்க இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. துயரம் யாருக்குத்தான் வரவில்லை? அதை மெட்டில் உட்காரவைக்க ஒரு கை வேண்டும். பதின்ம வயதில் இளைஞர் ஜாஸ் குழுவில் பாடி, பழைய ஜாஸ் பாடகிகள் சாரா வானையும் டைனா வாஷிங்டனையும் கேட்டுக் கேட்டுப் பழகிய கை அது. அந்த ஆல்பத்தின் ‘ரீஹாப்’ பாட்டு முழுக்க அவர் ஒருவரே எழுதியது. இயக்குநர் ஆசிஃப் கபாடியா, பேசுகிறவர்களின் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் ஏமியின் கையெழுத்தில் பாட்டு வரிகளைக் காட்டுகிறாரே, அது எதற்கு என்று உங்கள் விமர்சகர் யோசித்திருக்க வேண்டும். ‘பேக் டு பிளாக்’ என்ற பாட்டின் ஒலிப்பதிவுக் காட்சியில் வாத்தியங்களை எடுத்துவிட்டு வெறும் குரலைக் கேட்க வைக்கிறார். பாடி முடித்ததும், முடிவு மனதைக் கொஞ்சம் கஷ்டப்படுத்துகிறது என்று, வேறு யாரோ எழுதிய பாட்டைப் போல ஏமி சொல்கிறார். தன் துக்கத்தைத் தள்ளி நின்று பார்க்கத் தெரிந்த ஒரு தேர்ந்த கலைஞர் அங்கே நிற்கிறார். அந்தக் காட்சியைப் பற்றி விமர்சனத்தில் ஒரு வார்த்தை இல்லை. கண் மை வழிய அவர் தள்ளாடியது பற்றி ஒரு முழுப் பத்தி இருக்கிறது.

இதில் உனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அண்ணனும் பாடகர்தான். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டுப் பாடுவார். கச்சேரி முடிந்ததும் நாலு பேர் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். “ரெண்டு ரவுண்டு உள்ள போனாத்தான் அண்ணனுக்குக் குரல் குழையும்” என்பார்கள். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஆரம்ப நோட்டுகளில் ஒரு வரியை அடித்து, அதற்கு மேலே எழுதி, அதையும் அடித்து, ஓரத்தில் தாளக் கணக்குப் போட்டு வைத்திருப்பார். கடைசி நோட்டில் பல்லவியின் முதல் வரி மட்டும்தான். அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்கடுத்த பக்கத்திலும் அதே. இரண்டாவது வரி வரவே இல்லை. கல்லீரல் போய் அவர் இறந்தபின் அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, குடிக்காமல் இருந்திருந்தால் இந்தப் பாட்டெல்லாம் நமக்கு வந்திருக்குமா என்று உருகினார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கைதட்டியது. உங்கள் விமர்சகர் எழுதிய வரி எனக்குப் புதிதில்லை, ஐயா.

உங்கள் இதழுக்கும் இது புதிதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன் என்று 27 வயதில் போன இசைக்கலைஞர்களை வரிசையாக அடுக்கி, மேதைகளை அந்த வயதில் சாவு தேடி வருகிறது என்று ஒரு கட்டுரை போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பிரிட்டனில் 1956 முதல் 2007 வரை முதலிடம் பிடித்த ஆல்பங்களின் இசைக்கலைஞர்கள் 1,046 பேரை ஆராய்ந்து, 27 வயதில் தனியாக எந்த உச்சமும் இல்லை என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2011லேயே வெளியிட்டது. அதே ஆய்வு, இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்றும் சொன்னது. கவலைப்பட வேண்டிய செய்தி அதுதான். என் கடிதம் வெளியாகவில்லை. இடம் இருந்திருக்காது, பரவாயில்லை.

அப்புறம், விமர்சனத்தோடு வந்த புகைப்படத்தின் கீழே போட்ட வாசகம்: “போதைமருந்து பலிகொண்ட குரல்.” மரண விசாரணையில் ஏமியின் உடலில் சட்டவிரோத போதைப்பொருள் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தது மது. 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம். அங்கே வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 80தான். சில வாரங்கள் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி குடிக்க ஆரம்பித்திருந்தார். விட்டு விட்டுக் குடிப்பது எவ்வளவு ஆபத்து என்று குடிநோயாளி இருக்கும் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதின்ம வயதிலிருந்தே இருந்த புலிமியா, அதாவது சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடும் நோய், அவரை ஏற்கெனவே பலவீனமாக்கியிருந்தது என்று அவருடைய அண்ணன் பின்னாளில் பேட்டியில் சொன்னார். படத்திலும் அது வருகிறது. விமர்சனத்தில் வரவில்லை. குடி என்றால் எழுத ருசியாக இருக்கிறது, வாந்தி என்றால் இல்லை போலிருக்கிறது.

தந்தை மிட்ச் வைன்ஹவுஸை வில்லன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் விமர்சகர். ஏமிக்குப் போதை மறுவாழ்வு மையம் தேவையில்லை என்று, தான் சொன்னது ‘அந்தச் சமயத்துக்கு’ மட்டும், அந்தச் சொற்களைப் படத்தில் வெட்டிவிட்டார்கள் என்று மிட்ச் புகார் சொன்னார். அவர்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் அவர் சொன்னதையும் எழுதியிருக்க வேண்டும்.

என்னால் தாங்கவே முடியாதது அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட் விஷயம். 2011 மார்ச்சில் அபே ரோடு ஸ்டுடியோவில் அவரோடு பாடும்போது ஏமி திணறுகிறார், நிறுத்துகிறார், மன்னிப்புக் கேட்கிறார். தாத்தா வயதுக்காரர் பொறுமையாகத் தட்டிக்கொடுத்துப் பாட வைக்கிறார். விமர்சகர் அதை ‘நெகிழ்ச்சியான காட்சி’ என்று கடந்துவிட்டார். 1979இல் கொக்கெய்ன் பழக்கத்தால் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டவர் பென்னட். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார். 2021இல் 95 வயதில் மேடையேறினார். 2023இல் 96 வயதில் காலமானார். போதையை விட்டபின் அவருடைய பாட்டு வற்றிப்போனதா? ஏமியின் எதிரே, ஒரே மைக் தூரத்தில், பதில் நின்றுகொண்டிருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் மரணக் காரணத்தைத் திருத்தி இரண்டு வரி போடுங்கள். உங்கள் இணையப் பக்கத்தில் அந்த விமர்சனத்துக்கு மேலே இருக்கும் புகைப்படத்தை, கால்செருப்பில் ரத்தக்கறையோடு தெருவில் நிற்கும் அந்தப் படத்தை, எடுத்துவிடுங்கள். அவர் கிடாரோடு இருக்கும் படங்கள் எத்தனையோ கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி