பழைய பாட்டை அட்மாஸில் போடுவதற்கு முன்னால் டேப்பைத் தேடுங்கள்

தமிழ்த் திரைப்பாடல்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் இசை நிறுவனங்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் மிக்ஸிங் வேலை பார்க்கிறவன் நான். ஒலி சுற்றிலுமிருந்தும் மேலிருந்தும் வருகிற டால்பி அட்மாஸ் வடிவத்தில் பாட்டு கேட்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் புதுத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்கிற மடல் இல்லை இது. எழுபது, எண்பதுகளின் பாடல்கள் சில இப்போது அட்மாஸ் என்ற முத்திரையோடு வருகின்றன. அவற்றைச் செய்திருக்கிற விதம்தான் என்னை எழுத வைத்தது.

ஸ்டீரியோவில் எங்களுக்கு இருப்பது இரண்டே ஸ்பீக்கர். வயலின் குழு, தபலா, பேஸ் கிட்டார், கோரஸ், பாடுகிறவர் குரல் எல்லாமே அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும், அதனால் குரலுக்கு வழிவிட வயலினைக் கொஞ்சம் ஒடுக்குவோம், பேஸும் தபலாவின் கும்கி என்ற கனத்த முழக்கமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல் ஒன்றைக் கொஞ்சம் குறைப்போம், பிறகு மொத்தத்தையும் சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஒரே கம்ப்ரஸர் வழியாக விடுவோம். அட்மாஸில் இந்த நெருக்கடி இல்லை. ஒவ்வொரு ஒலியையும் அறையில் இந்த இடம், இந்த உயரம் என்று குறித்து வைக்கலாம், இப்படி 128 தடங்கள் வரை வைக்க முடியும். கேட்பவரிடம் 12 ஸ்பீக்கர் இருந்தால் 12க்கும், வெறும் ஹெட்போன் இருந்தால் இரண்டு காதுக்கும் தகுந்த மாதிரி ரெண்டரர் என்ற மென்பொருள் பிரித்துக் கொடுத்துவிடும். சத்தத்துக்கும் மைனஸ் 18 எல்கேஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அளவு) என்று ஒரு வரம்பு உண்டு, ஆகவே எல்லாவற்றையும் நசுக்கி உரக்க வைக்கிற போட்டி இங்கே எடுபடாது. மெதுவாகத் தொடங்குகிற பல்லவி மெதுவாகவே இருக்கலாம். ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் இதெல்லாம் கருவிகள் தனித்தனி டிராக்காகக் கையில் இருந்தால்தான். என் காதில் விழுந்த சில பழைய பாடல்களில் அப்படி இருந்த மாதிரி தெரியவில்லை. எல்லாம் கலந்து முடிந்த ஸ்டீரியோ மாஸ்டரை ஒரு மென்பொருளில் போட்டு, குரல், டிரம், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்து, அந்த நான்கையும் அறையைச் சுற்றி இறைத்துவிட்ட மாதிரிதான் கேட்கிறது. அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கத்திய பாப் பாடல்களில் பழகியவை. தபலா அவற்றுக்குப் புரிவதில்லை, கும்கியில் பாதியை பேஸ் என்று எடுத்துக்கொள்ளும், மீதியை டிரம்மில் தள்ளும். வீணை, புல்லாங்குழல், வயலின், ஷெனாய் எல்லாம் ‘மற்றவை’ என்ற ஒரே மூட்டையில் போய்ச் சேரும். அப்படி வந்த ஒரு பாட்டின் இடையிசையில் புல்லாங்குழலின் சுரம் முன்னால் கேட்கிறது, ஊதுகிற காற்று தலைக்குப் பின்னால் கேட்கிறது. சரணத்தில் பாடகி ‘ச’ என்று உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சீறல் மட்டும் குரலை விட்டுவிட்டுக் கூரைக்குப் போகிறது. குரலே மெலிந்துபோய் யாரோ போலத் தெரிகிறது. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன், ‘இது வேற யாரோ பாடினதா?’ என்று கேட்டார்.

ஐம்பது, அறுபதுகளில் இசைக்குழு முழுவதும் ஒரே நேரத்தில் வாசித்து மோனோவில் பதிவான பாடல்களுக்கு மென்பொருளைத் தவிர வேறு வழி இல்லை, அது எனக்கும் தெரியும். பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தில்கூட கிட்டார், பேஸ், டிரம் ஒரே டிராக்கில் மாட்டிக்கொண்டிருந்த இடங்களைப் பிரித்தெடுத்துத்தான் 2022இல் புது மிக்ஸ் செய்தார்கள். ஆனால் அதற்கென்று ஒரு குழு உட்கார்ந்து உழைத்தது, எப்படிச் செய்தோம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். நீங்களும் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். கருவிகள் தனித்தனியாகப் பதிவான மல்டிட்ராக் டேப்பிலிருந்து செய்ததா, ஸ்டீரியோவைப் பிரித்துச் செய்ததா என்று பாட்டின் விவரத்தில் ஒரு வரி போடுவதில் என்ன கஷ்டம்?

காசு விஷயத்தையும் பேசிவிடலாம். அட்மாஸ் போன்ற ஸ்பேஷியல் வடிவத்தில் கிடைக்கும் பாடல்களுக்கு ஆப்பிள் மியூசிக் 2024 ஜனவரியிலிருந்து 10 சதவீதம் வரை கூடுதல் ராயல்டி தருகிறது, அதுவும் கேட்பவர் அந்த வடிவத்தில் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அப்படியானால் பட்டியல் முழுவதையும் அவசர அவசரமாக மாற்றிவிடத் தோன்றும். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கை அந்த மல்டிட்ராக் டேப்புகளைத் தேடிக் காப்பாற்றச் செலவழியுங்கள்.

இன்னொன்று. பழைய ஸ்டீரியோ மிக்ஸை முழுமையடையாத ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ‘மகாநதி’க்கும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்கும் தேசிய விருது பெற்ற ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் 2008இல் மறைந்துவிட்டார். அவரைப் போன்றவர்கள் எந்தக் கருவி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், குரலுக்குப் பின்னால் எவ்வளவு எதிரொலி வேண்டும் என்று காது கொடுத்து முடிவு செய்தவர்கள். புது மிக்ஸ் வந்தாலும் பழையது தன் இடத்திலேயே இருக்கட்டும், அதைச் செய்த பொறியாளரின் பெயரும் இரண்டிலும் இருக்கட்டும். இசையமைப்பாளர் உயிரோடிருந்தால் வெளியிடுமுன் அவரை உட்கார வைத்துக் கேட்கச் செய்யுங்கள். 12 ஸ்பீக்கர் அறையில் மட்டும் கேட்டுவிட்டு ஒப்புதல் வாங்கிவிடாதீர்கள், பஸ்ஸில் போகிறவர் காதில் மாட்டியிருக்கும் சாதாரண இயர்போனிலும் கேட்கட்டும், ஏனென்றால் ஆப்பிள் தன்னுடைய சொந்த ரெண்டரரைப் பயன்படுத்துவதால் ஸ்டுடியோ ஹெட்போனில் கேட்டதும் அங்கே கேட்பதும் ஒன்றாக இருக்காது.

எல்லாவற்றையும்விட அவசரம் அந்த டேப் ஸ்பூல்கள்தான். எழுபது, எண்பதுகளின் டேப்புகளில் பலவற்றுக்கு ஒரு வியாதி உண்டு. காந்தத் துகளை ஒட்டிவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும், அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவா? ஐம்பது டிகிரி சொச்சத்தில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓட்டும் நிலைக்கு வரும், அதற்குள் டிஜிட்டலாக மாற்றிவிட வேண்டும். 24 டிராக் டேப்பை ஓட்டும் மெஷின்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் கிடங்கில் என்னென்ன ஸ்பூல் இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பை இந்த மழைக்காலத்துக்கு முன்னாலேயே தொடங்குங்கள். பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல, டேப்பைச் சுற்றிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் சம்பளம் கேட்காமல் வருவோம்.

அன்புடன்,
ஒரு மிக்ஸிங் பொறியாளர், சென்னை