செயலாளரின் ஆண்டறிக்கை: மருத்துவக் கல்லூரி ஆசிரியர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. ஆசிரியர் தினமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. ஓய்வு பெற்ற மூவருக்குப் பொன்னாடை போர்த்தினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, முதலாண்டு மாணவர்களுக்கு நாம் தொடங்கிய பிபிஎல் குழுக்கள். அதாவது, ஆசிரியர் விடையைச் சொல்லாமல், ஒரு நோயாளியின் பிரச்சினையை வைத்து மாணவர்களே சிறு குழுவாகக் கேள்வி எழுப்பித் தேடிப் படிக்கும் முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் முதல் பேட்ச் இந்த முறையில்தான் படிக்கத் தொடங்கியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் பின்பற்றும் ஏழு படிகளை நாம் எடுத்துக்கொண்டோம். “லெக்சரில் இருபது நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இரண்டு அமர்வு?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஒரு குழுவில் நான் பார்த்ததையே பதிலாகச் சொல்கிறேன்.

கொடுத்த தாள் இவ்வளவுதான்: தரையில் பாய் விரித்துப் படுத்த விவசாயிக்கு விடியற்காலையில் வயிற்றுவலி. அப்புறம் இமையைத் தூக்க முடியவில்லை. கடிவாய் எதுவும் தென்படவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் பக்கவாதம், மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் என்று போனார்கள். மூன்று வாரமாக வாய் திறக்காத மாணவி, “தமிழில் சொல்லலாமா சார்?” என்றாள். “சொல்லும்மா” என்றேன். “கட்டுவிரியன் கடிச்சா வலியே தெரியாது சார். எங்க ஊர்ல பார்த்திருக்கேன்.” உடனே போர்டில் நரம்பு முனையையும் தசையையும் வரைந்து கேள்விகளை எழுதினார்கள். மூன்று நாள் கழித்து, கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையைக் கெடுக்கிறது, நல்லபாம்பு நஞ்சு நரம்பின் செய்தியை வாங்கும் தசைப் பக்கத்து ஏற்பியை அடைக்கிறது, அதனால்தான் நரம்பு அனுப்பும் செய்திப் பொருளை நீடிக்க வைக்கும் நியோஸ்டிக்மின் மருந்து நல்லபாம்புக் கடிக்குக் கைகொடுக்கிற அளவுக்குக் கட்டுவிரியன் கடிக்குக் கைகொடுப்பதில்லை என்று அவர்களே சொன்னார்கள். முதலாண்டுப் பிள்ளைகள்!

குழு நடத்தப் பெயர் கொடுத்தவர்கள் 12 பேர். தொடர்ந்து வந்தவர்கள் ஐவர். ஒருவர் பத்தாவது நிமிடமே விடையைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஆள் வராத நாளில் இரண்டு குழுவைச் சேர்த்து 16 பேரை ஒரே மேசையில் உட்கார வைத்தேன். ஓரத்தில் இருந்தவர்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2019 பாடத்திட்டத்திலேயே சிறுகுழுக் கற்றலுக்கு நேரம் இருக்கிறது. ஆகவே வராதவர்கள் சொல்லும் “கூடுதல் சுமை” என்ற காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. நகலெடுக்கவும் இரண்டு வெள்ளைப் பலகை வாங்கவும் செலவானது. பாதிப் பேர் சந்தா பாக்கி, சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு.

துறைத் தலைவர்களுக்கும், மாலையில் அறையைப் பூட்டாமல் காத்திருந்த அலுவலக உதவியாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் இதை நடத்த நான் தயார். ஆனால் ஐந்து பேரை வைத்துக்கொண்டு முடியாது. புது பேட்ச் வருவதற்குள் பத்துப் பேராவது வேண்டும். பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.