ஒன்பதாம் மாத ஊசியோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா கிராமங்களில் குழந்தையின் முதல் தடுப்பூசிகளைத் தவறவிடும் பெற்றோர் இப்போது குறைவு. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடப்பதால் பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசி, மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து மூன்றும் அங்கேயே போட்டுவிடுகிறார்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளும் பெரும்பாலும் தாய்வீட்டில் இருக்கும்போதே முடிந்துவிடும். விட்டுப்போவது 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியவை. தடுப்பூசி அட்டை தாய்வீட்டு பீரோவில் கிடக்கும். ஒன்பதாம் மாத ஊசியோடு 'எல்லாம் போட்டாச்சு' என்ற நினைப்பு வேறு. நடவு நேரத்தில் புதன்கிழமை சுகாதார நிலையம் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்பதும் உண்மைதான். அன்றைக்கு அப்பா தூக்கிக்கொண்டு போனால் ஊசி ஏறாதா என்ன?

தட்டம்மை–ருபெல்லா ஊசியை இரண்டு முறை போடக் காரணம் உண்டு. ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளின் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். அது தடுப்பு மருந்தையே முறித்துவிடும். இதனால் முதல் ஊசி நூற்றில் ஏறத்தாழ 15 குழந்தைகளுக்குப் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கவில்லை என்று பார்த்தால் தெரியாது.

அதே வயதில்தான் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) ஊக்கத் தவணையும், தஞ்சாவூர், திருவாரூர் போன்ற மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியின் இரண்டாம் தவணையும் வருகின்றன. இந்த வைரஸ் பன்றியிடமும் கொக்கு, நாரையிடமும் இருக்கும். அதை நம் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவது வயலில் தேங்கிய தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. வயலை ஒட்டி வீடு இருப்பவர்கள் இந்த ஊசியை அலட்சியம் செய்யக் கூடாது.

நாள் தள்ளிப்போனால் நர்ஸம்மா திட்டுவார் என்று பயந்து சிலர் போவதேயில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். தட்டம்மை–ருபெல்லா ஊசியை 5 வயது வரையும், முத்தடுப்பு ஊசியை 7 வயது வரையும் போடலாம். சளி, லேசான காய்ச்சலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

முத்தடுப்பு ஊசிக்கு அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம். தட்டம்மை ஊசிக் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே வரும். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. கொடுக்கலாம், ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். தவறு நடப்பது பாட்டிலில்தான். 10 கிலோ குழந்தைக்கு 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. சொட்டு மருந்தை அந்த 6 மில்லி சிரப் அளவில் ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும்.

தட்டம்மை வந்துவிட்டால் வாசலில் வேப்பிலை செருகுவதில் தப்பில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உள்ளே வராமல் இருக்க அது உதவும். தடிப்பு தோன்றியதிலிருந்து நான்கு நாள் பிள்ளையைப் பள்ளிக்கோ திருவிழாவுக்கோ அனுப்பக் கூடாது. ஆனால் 'அம்மை இறங்கட்டும்' என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள், அது கண்ணையும் உயிரையும் காப்பாற்றும்.

– ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள்,
மன்னார்குடி.